வெள்ளைப் பிடி, கறுப்புப் பிடி

ஈ உட்கார்ந்ததை அய்யாத்துரை கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். இடது முன்கையின் உட்புறத்தில், மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலே, காலைப் பரப்பி உட்கார்ந்து முன்னங்கால் இரண்டையும் தேய்த்துக்கொண்டிருந்தது. கையை உதறினான். ஈ எழும்பி, பலகையில் அறுத்துப் போட்டிருந்த கொம்புத் துண்டுகள், எலும்புத் தூள், பிசின் டப்பா எல்லாவற்றின் மேலும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி அதே இடத்தில் வந்து உட்கார்ந்தது. இந்தத் தடவையும் உடம்பு அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை.

வலது கட்டைவிரல் நகத்தால் அந்த இடத்தைக் கீறிப் பார்த்தான். கீறுவது விரலுக்குத் தெரிந்தது. கைக்குத் தெரியவில்லை.

தாராவியில் அவன் குடியிருந்த கோலி, அந்த ஒற்றை அறை வீடு, பன்னிரண்டடிக்கு எட்டடி. வாசல் பக்கம் பாதி பட்டறை, உள்பக்கம் பாதி சம்சாரம். தொழில், சவரக்கத்திக்குப் பிடி போடுவது. ஜெர்மனியிலிருந்து கப்பலில் வரும் அலகுகளைப் பேண்டி பஜார் வியாபாரிகள் கொடுத்தனுப்புவார்கள். பழைய கத்திக்குப் புதுப்பிடி கேட்டு நாவிதர்களும் நேரே வருவார்கள். பாந்த்ராவிலிருந்து வரும் எருமைக் கொம்பை அறுத்து, ஊறப்போட்டு, கரி அடுப்பில் வாட்டி, பழுக்கக் காய்ந்த இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே வைத்து நெரித்தால் வளைவு போய்ப் பலகையாகும். மாட்டுக்கால் எலும்பைச் சோடா உப்பில் வேகவைத்துக் கொழுப்பெடுத்தால் தந்தம் மாதிரி வெளுக்கும். தேங்காய்ச் சிரட்டையோ பனை வைரமோ கடல் சிப்பியோ, எதைக் கொடுத்தாலும் அவன் கையில் பிடியாகிவிடும். ஒரு பிடிக்கு இரண்டு சில்லு, நடுவில் அலகு. மடக்கினால் அலகு எந்தப் பக்கமும் உரசாமல் நட்டநடுவில் போய் விழவேண்டும். அப்படி விழாத கத்தியை அவன் வெளியே விட்டதில்லை. இந்த ஒரு விஷயத்தில் அவனுக்குக் கொஞ்சம் திமிர் உண்டு என்றே சொல்லலாம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. வேலை முடிந்த கத்தியை விரித்து, இடது முன்கையில் கட்டைவிரல் அகலத்துக்கு ரோமத்தை வழித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பான். பிடி கைக்கு அடங்குகிறதா, அலகு ஆடுகிறதா என்பது அப்போதுதான் தெரியும். அதனால் அவன் கையில் எப்போதும் ஏழெட்டு வழுக்கைகள் இருக்கும். ஒன்று நேற்று வழித்தது, ஒன்று முள்முள்ளாய் முளைப்பது, ஒன்று முக்கால்வாசி வளர்ந்தது. "ஒங்க கையென்ன, ஆடு மேஞ்ச காடா?" என்று பெண்டாட்டி பேராச்சி கேலி செய்வாள். பத்து நாளில் எல்லாம் மூடிக்கொள்ளும்.

இந்த ஒன்று மட்டும் இருபத்தைந்து நாளாகியும் மூடவில்லை. மூடாதது போகட்டும், ரூபாய்க் காசு அளவில் இருந்தது இப்போது உள்ளங்கை அகலத்துக்கு வந்திருந்தது. அறுபத்துநாலாம் வருஷத்து ஆனி மாதம், மழைக்கு நடுவே புழுங்கித் தள்ளிய நாள்கள். முதுகிலும் கழுத்திலும் வேர்வை வழிந்தது. அந்த இடம் மட்டும் காய்ந்து, லேசாகச் சாம்பல் பூத்துக் கிடந்தது.

அவனுக்கு முதலில் வந்த பயம் தாராவியில் யாருக்கும் வரக்கூடிய பயம்தான். உணர்ச்சி போய், ரோமம் போய், தோல் நிறம் மாறினால் அது என்ன நோய் என்று இங்கே சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். போன வருஷம் பின்சந்தில் தோல் கிட்டங்கி ஆள் ஒருவனை வண்டி வந்து கூட்டிக்கொண்டு போனது. அவன் பெண்டாட்டியைக் குழாயடியில் யாரும் குடம் வைக்க விடவில்லை. ஒரே மாதத்தில் கோலி காலி. அந்த ஆளின் ஞாபகம்தான் அய்யாத்துரைக்கு வந்தது. அன்றைக்கே டிரங்குப் பெட்டியைத் திறந்து, கல்யாணத்துக்குத் தைத்த முழுக்கைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டான்.

"இந்தப் புழுக்கத்துல என்ன வேசம் இது?" என்றாள் பேராச்சி.

"எலும்புத் தூள் ஒட்டுது. அரிக்கு," என்றான்.

அவள் நம்பினாள். அவளுக்கு வேறு கவலை. முதல் இரண்டு பிள்ளைகளும் பிறந்து நாற்பது நாள் தாண்டாமல் போய்ச் சேர்ந்த பிறகு மூன்றாவதாகத் தங்கியவன் இசக்கிமுத்து. மூன்று வயது. இசக்கியம்மனுக்கு நேர்ந்துவிட்ட முடி, பிறந்ததிலிருந்து கத்தரி படவில்லை. பேராச்சி அதைச் சீவி, இரட்டைச் சடை போட்டு, பூ வைத்துவிடுவாள். தெருவில் பார்த்தவர்கள் பெண் பிள்ளை என்பார்கள். ஊருக்குப் போய்வர வசதிப்படவில்லை. அதனால் ரயில் பாதையோரம் அரசமரத்தடியில் ஊர்க்காரர்கள் சேர்ந்து எழுப்பியிருந்த அம்மன் பீடத்திலேயே, ஆடிக் கடைசிச் செவ்வாயன்று மொட்டை என்று தீர்மானம். அதுவரை தகப்பனும் சவரம் செய்துகொள்ளக் கூடாது. அந்த நாள் ஒழுங்காகக் கடந்துவிட்டால் பிள்ளை தனக்குத் தங்கிவிடுவான் என்று பேராச்சி நம்பினாள். அவனும்தான் நம்பினான்.

மத்தியானத்தில் இசக்கிமுத்து அப்பாவின் இடது கையைத் தலையணையாக வைத்துத் தூங்குவான். முன்பெல்லாம் வேர்க்கிறது என்று நழுவிப் போய்விடுகிறவன், இப்போது கன்னத்தைச் சட்டைக்கையின் மேல் அழுத்திக்கொண்டு நகரவே மாட்டேன் என்றான்.

"அப்பா கை சில்லுன்னு இருக்கு," என்றான் ஒரு நாள், தூக்கக் கலக்கத்தில் சிரித்துக்கொண்டு.

அய்யாத்துரை கையை மெல்ல உருவிக்கொண்டான். அதற்கப்புறம் பிள்ளையை அந்தப் பக்கம் படுக்கவிடவில்லை.

ஆடி பிறந்தது. வெறும் மழை. தகரக் கூரையில் அது விடாமல் கொட்டுகிற சத்தத்துக்கு அடியில், தோல் கிட்டங்கிகளின் சுண்ணாம்பு வாடையும் சாக்கடை வாடையும் ஈர விறகுப் புகையும் கலந்து கோலிக்குள் கனமாகத் தங்கிக் கிடக்க, அவன் கதவோரம் உட்கார்ந்து அரத்தால் தேய்த்துக்கொண்டே இருந்தான். சட்டைக்கைக்குள் அது மெதுவாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. மணிக்கட்டைத் தாண்டி உள்ளங்கைக்கு வந்தது. முழங்கையைத் தொட்டது. விரல்கள் மடங்கின, பிடித்தன, வேலை செய்தன. ஆனால் எதைப் பிடித்திருக்கிறோம் என்று கண்ணால் பார்த்தால்தான் தெரிந்தது. மாட்டுங்காவில் பஞ்சாபகேசன் டாக்டர் இருக்கிறார், போய்க் காட்டலாம் என்று தினமும் நினைப்பான். காட்டினால் பெயர் சொல்லிவிடுவாரே என்ற பயத்தில் போகாமல் இருந்துவிடுவான்.

செவ்வாய்க்கு நாலு நாள் இருக்கும்போது, வெள்ளிக்கிழமை காலை, கொம்பு தீய்கிற வாடை வந்தது. கொம்பு தீய்ந்தால் முடி பொசுங்குகிற வாடை அடிக்கும். பட்டறையில் அது புதிதல்ல. ஒரு துண்டு தகட்டில் அதிக நேரம் கிடந்துவிட்டது போல என்று நினைத்து, அடுப்பைப் பார்த்தான். அடுப்பு மேல் துண்டு எதுவும் இல்லை. தொட்டியில் ஊறுகிற கொம்புகள் ஊறிக்கொண்டிருந்தன. வாடை கூடியது. கரியில் ஏதாவது சில்லு விழுந்ததா என்று குனிந்து கிளறினான். இல்லை. பேராச்சி உள்ளேயிருந்து மூக்கைச் சுளித்துக்கொண்டு, "என்னத்தப் போட்டுக் கருக்குதிய?" என்றாள். அவனும் தேடினான். பலகைக்கு அடியில் பார்த்தான். பின்னால் பார்த்தான். அப்புறம்தான் புகை எங்கிருந்து எழும்புகிறது என்று கண்ணில் பட்டது.

காய்ந்த தகட்டின் மேல் இடது கையை ஊன்றியிருந்தான்.

எடுத்தான். சட்டைக்கை கருகித் தோலோடு ஒட்டியிருந்தது. தோல் வெடித்துப் பிளந்திருந்தது. கொப்புளம் இல்லை. சிவப்பு இல்லை. வலி இல்லை. பிளந்த இடத்தில் வெளுப்பாக, வேகவைத்த எதையோ பார்ப்பது போல இருந்தது. அவன் துண்டைச் சுற்றிக்கொண்டு, பேராச்சி வருமுன் வாசலுக்குப் போய் மழையில் நின்றான்.

மறுநாள் மாட்டுங்காவுக்குப் போனான். பஞ்சாபகேசன் டாக்டர் வயசானவர், நிதானமானவர். கட்டை அவிழ்த்துப் பார்த்தார். நரம்புகளை அழுத்திப் பார்த்தார். ஊசியை எடுத்துக் குத்தினார்.

"தெரியறதா?"

"இல்ல டாக்டர்."

இன்னும் ஆழமாகக் குத்தி இழுத்தார். ரத்தம் வரவில்லை. ஊசியைத் துடைத்துவிட்டு இடது மணிக்கட்டில் மூன்று விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் சுவரைப் பார்த்தபடி இருந்தார். பிறகு வலது மணிக்கட்டைப் பிடித்தார். மறுபடி இடது.

"அந்த நோயா டாக்டர்?" என்றான் அய்யாத்துரை.

"நீ பயப்படற வியாதி இது இல்லை. அதுல உணர்ச்சி போகும். ரத்தம் எங்கே போகும்?" அவர் எழுந்து போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். "இந்த மாதிரி தோலை நான் காலேஜ்ல படிக்கறச்சே மேஜை மேல பார்த்திருக்கேன். நடந்து வந்த மனுஷன்கிட்டப் பார்த்ததில்லை. இது முதல்ல எங்கே ஆரம்பிச்சது?"

அவன் இடத்தைக் காட்டினான்.

"அங்கே என்ன பட்டது?"

கத்தி என்று சொல்ல வாயெடுத்தவன் சொல்லவில்லை. எந்தக் கத்தி என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது.

நயினாருடையது.

நயினார் ஐம்பது வயதுக்காரர், அவர்கள் பக்கத்து ஊர் நாவிதர். தாராவியில் திருநெல்வேலிக்காரர்களுக்கு நல்லது கெட்டது இரண்டுக்கும் அவர்தான் வருவார். அவரிடம் இரண்டு கத்திகள். ஒன்று உயிரோடு இருப்பவர்களுக்கு. மற்றது, குளிப்பாட்டிக் கிடத்தியபின் கடைசியாக முகம் வழிப்பதற்கு. இரண்டும் அவர் அப்பா கொழும்பில் ஒரே கடையில் வாங்கியவை. ஆனி மாதத் தொடக்கத்தில் பெருச்சாளி புகுந்து இரண்டின் பிடியையும் கடித்துக் குதறிவிட்டது என்று கொண்டுவந்தார்.

"தம்பி, இது உசுரோட இருக்கவங்களுக்கு. இந்தக் கறுப்பு நூல் சுத்தினது மத்ததுக்கு. இதுக்கு வெள்ளையில போடு, அதுக்குக் கறுப்புல போடு. கை மாறிரக் கூடாது."

"எங் கையிலயா மாறும் அண்ணாச்சி?"

"அந்தக் கறுப்பை மட்டும் நீ வழிச்சுப் பாக்க வேண்டாம். அப்படியே குடுத்துரு."

ஏன் என்று கேட்டான். நயினார் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "எங்கப்பா வேண்டாம்பாரு. நான் ஏன்னு கேட்டதில்ல," என்றார்.

பழைய பிடிகளைக் கழற்றி, அலகுகளைப் பலகையின் இரண்டு முனைகளில் வைத்தான். அன்று பெரிய மழை. கூரை ஒழுகி அந்த நூல் நனைந்துபோயிருந்தது. ஈர நூல் இரும்பில் கிடந்தால் துரு ஏறும். எந்தத் தொழிலாளியும் செய்வதைத்தான் அவனும் செய்தான். நூலை அவிழ்த்து எறிந்தான். வலது முனையில் இருப்பது மற்றது என்று மனசில் வைத்துக்கொண்டான். சற்று நேரத்தில் சாக்கடை பொங்கி உள்ளே வந்தது. பலகையை அப்படியே தூக்கிப் பரண்மேல் வைத்தான். தண்ணீர் வடிந்தபின் இறக்கினான். வலது முனையில் இருந்ததற்குக் கறுப்புக் கொம்பில் சாதாரணப் பிடி. இடது முனையில் இருந்ததற்கு வெள்ளை எலும்பில், கொடியும் இலையுமாய்ச் செதுக்கி, பித்தளைப் புள்ளி பதித்து, பார்த்தவர் மெச்சும்படி ஒரு பிடி. வெள்ளையைக் கையில் வழித்துப் பார்த்தான். ஈரத்துணி பட்ட மாதிரி ஒரு குளிர்ச்சி. மழை நாள்தானே என்று விட்டுவிட்டான்.

பலகையை எந்தப் பக்கமாகத் தூக்கினோம்? எந்தப் பக்கமாக இறக்கினோம்?

மாட்டுங்காவிலிருந்து மழையில் நடந்து வரும்போது அதை நூறு தடவை தூக்கி இறக்கிப் பார்த்தான். ஞாபகமே இல்லை. ஞாபகம் தேவையும் இல்லை, கையில் எழுதியிருந்தது. வெள்ளைப் பிடிக்குள் இருப்பது செத்தவர்களின் அலகு.

அந்த வெள்ளைப் பிடியால்தான் நயினார் இத்தனை நாளும் தெருவில் எல்லோருக்கும் வழித்திருப்பார். செவ்வாயன்று அதே வெள்ளைப் பிடியை எடுத்துக்கொண்டு பீடத்துக்கு வருவார். பிள்ளையின் உச்சந்தலையில் வைப்பார்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தெருவில் அலைந்து ஆண்களின் முகத்தையே பார்த்தான். பக்கத்துக் கோலி ஞானராஜ் குழாயடியில் நின்று, இரண்டு நாள் தாடியைச் சொறிந்துகொண்டிருந்தார். எதிர்க்கடைக்காரர் முகத்தில் வேர்வை வழிந்தது. ஒருவர் கன்னத்தில் கொசு கடித்து அடித்துக்கொண்டார். எல்லோரும் நன்றாகத்தான் இருந்தார்கள். அவர்களுக்கு இன்னும் ஆரம்பிக்கவில்லை, அம்மன் புண்ணியத்தில் நேரம் இருக்கிறது என்று அவன் எடுத்துக்கொண்டான்.

நயினாரிடம் உண்மையைச் சொல்லிவிட்டால் முடிந்தது. ஆனால் சொன்னால் கையைக் காட்டவேண்டும். கையைப் பார்த்தவன் எவன் டாக்டர் சொன்னதை நம்புவான்? வண்டி வரும். பேராச்சி குடத்தோடு குழாயடியில் தனியாக நிற்பாள். அதோடு, எங் கையிலயா மாறும் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன வாய் இது. யாருக்கும் தெரியாமல் அலகுகளை மாற்றிவிட்டால் போதும் என்று முடிவு செய்தான்.

திங்கட்கிழமை சவரக்கடைகளுக்கு லீவு. நயினார் வீட்டில்தான் இருந்தார்.

"ரெண்டு கத்தியையும் குடுங்க அண்ணாச்சி. ஆணியை மாத்தித் தாறேன். மழையில எலும்பு சுருங்கியிருக்கும்."

"நல்லாத்தான தம்பி இருக்கு?"

"நாளைக்குப் பிள்ளை தலையில படுறது. எனக்கு மனசு கேக்கல."

நயினார் ஏதோ சொல்லப்போகிறவர் மாதிரி வாயைத் திறந்து, பிறகு சிரித்துக்கொண்டு அவன் தோளைத் தட்டினார். பெட்டியைத் திறந்து இரண்டையும் கொடுத்தார்.

கோலிக்கு வந்து கதவைச் சாத்தினான். பேராச்சி பிள்ளையோடு பூ வாங்கப் போயிருந்தாள். ஆணிகளைத் தட்டி எடுத்தான். அலகுகள் கழன்று விழுந்தன. வெள்ளைப் பிடியிலிருந்து வந்த அலகைத் துணியால் பிடித்துக் கறுப்புப் பிடிக்குள் வைத்தான். கறுப்பிலிருந்து வந்ததை வெள்ளைக்குள் வைத்தான். மூன்று முறை சரிபார்த்தான். புதுப் பித்தளை ஆணி அடித்தான். கழற்றிய தடம் தெரியக்கூடாது என்று சாம்பலும் எண்ணெயும் போட்டு இரண்டையும் மெருகேற்றினான். ஒன்றின் அடியில், பிடிக்குள் நுழையும் இடத்தருகே, கடுகளவு துரு இருந்தது. வேலைக்காரனுக்குத் துருவைக் கண்டால் சும்மா இருக்க முடியாது. உப்புத்தாளால் தேய்த்து, அந்த இடமே தெரியாமல் ஆக்கினான். இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகள் மாதிரி பளபளத்தன. மடக்கினான். நட்டநடுவில் விழுந்தன.

அன்றைக்குத்தான், பல நாளைக்குப் பிறகு, அவன் வயிறு நிறையச் சாப்பிட்டான். தன் கை போனாலும் போகட்டும், பிள்ளை பிழைத்தான் என்று நினைத்தபோது அழுகை வந்தது.

செவ்வாய்க் காலை மழை விட்டிருந்தது. அரசமரத்திலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. மேளம், உறுமி, பொங்கல் புகை, மஞ்சள் தண்ணீர், ஈர மண்ணில் மிதிபட்ட பூ. அய்யாத்துரை கத்திகள் இரண்டையும் நயினார் கையில் கொடுத்துவிட்டுக் கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். முழுக்கைச் சட்டை, கையைச் சுற்றித் துண்டு. பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள விக்ரோலியிலிருந்து தாய்மாமன் செல்லப்பாண்டி வந்திருந்தான். பேராச்சி சடைகளை அவிழ்த்துவிட்டாள். முடி இடுப்புவரை விழுந்தது.

தண்ணீர் பட்டதுமே இசக்கிமுத்து வீரிட்டான். காலை உதைத்தான். தலையை இங்கும் அங்கும் திருப்பினான். செல்லப்பாண்டி தோளைப் பிடிக்க, பேராச்சி காலைப் பிடிக்க, சுற்றி நின்ற பெண்கள் குலவையிட்டார்கள். பிள்ளையின் அழுகை மேளத்தையும் மீறிக் கேட்டது. அவ்வளவு பலமாக அவன் அழுததில் அய்யாத்துரைக்கு ஒரு சந்தோஷம். நன்றாக அழட்டும். வலிக்கிறவன் அழுவான்.

நயினார் குனிந்தார்.

அழுகை நின்றது.

பழகிவிட்டான் போல என்று அய்யாத்துரை சிரித்தான். பக்கத்தில் நின்றவரும் சிரித்தார். முடி கற்றை கற்றையாக வாழையிலையில் விழுந்தது. மேளம் அடித்துக்கொண்டே இருந்தது. பிள்ளையின் கால்களைப் பேராச்சி விட்டுவிட்டிருந்தாள். பிடிக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு கால்களும் தாய்மாமன் மடியிலிருந்து நேராகத் தொங்கின.

உதைக்கவில்லை.

அசையவில்லை.

அய்யாத்துரை கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனான். யாரோ திட்டினார்கள். நயினாரின் வலது கை ஏறி இறங்கியது. ஏறும்போது பிடி மேலே தெரிந்தது.

கறுப்பு.

"அண்ணாச்சி. அண்ணாச்சி. கறுப்பை ஏன் எடுத்திய?"

நயினார் கையை நிறுத்தவில்லை. மற்றவர் காதில் விழாதபடி அவன் பக்கம் சாய்ந்து, மிகுந்த பிரியத்தோடு சொன்னார். "சத்தம் போடாத தம்பி. நீ அலகை மாத்திப் போட்டது எனக்கு அன்னைக்கே தெரியும். வெள்ளைக்குள்ள கடுகளவு துரு தெரிஞ்சுச்சு. அது மத்த கத்தியோட அடையாளம். சொன்னா நீ கூசிப் போவியேன்னு விட்டுட்டேன். அன்னையிலேருந்து தெருவுல எல்லாருக்கும் இந்தக் கறுப்புப் பிடிதான், வெள்ளை மத்ததுக்கு. நான் பாத்துக்கிடுதேன். நீ பயப்படாத."

கடைசி இழுப்பு. கடைசிக் கற்றை விழுந்தது.

"துரு," என்றான் அய்யாத்துரை. "நேத்துத் தேச்சுட்டேன். அலகையும் திருப்பி மாத்திட்டேன்."

நயினார் கத்தியைத் திருப்பி, அலகின் அடியைப் பார்த்தார். விரலால் தடவினார். பளபளவென்று இருந்தது. நிமிர்ந்து அய்யாத்துரையின் முகத்தைப் பார்த்தார். அவர் வாயிலிருந்த வெற்றிலைச் சாறு உதட்டோரம் வழிந்தது. துடைக்கவில்லை. அவருடைய இடது கை மட்டும், முப்பது வருஷப் பழக்கத்தில், அவரைக் கேட்காமலே தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. நாலு விரலைப் பிள்ளையின் தாடைக்குக் கீழே கொடுத்து, தலை தொங்கிவிடாமல் தாங்கிப் பிடித்திருந்தது.

பேராச்சி கும்பிட்டபடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிறைவு. அவன் பக்கம் திரும்பினாள்.

"பாருங்க, அழுகையே இல்ல. எம் பிள்ள எவ்வளவு சமத்தா இருக்கான்."

மழை மறுபடி ஆரம்பித்தது. பெரிய பெரிய துளிகள். மொட்டைத் தலையில் விழுந்தன. நெற்றியில் விழுந்தன. இசக்கிமுத்து நிமிர்ந்து அரசமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு துளி நேராக அவனுடைய திறந்த கண்ணில் விழுந்து, நிறைந்து, கன்னத்தில் இறங்கியது.

இமை மூடவில்லை.